யார் வீட்டில் எரிந்தது விளக்கு?

அரசர்கள் பிறந்த நாளை வரலாறு குறித்து வைத்திருக்கிறது. முடி சூடிய நாள், மணம் முடித்த நாள், படை நடத்திய நாள் எல்லாவற்றுக்கும் கல்வெட்டு உண்டு, மெய்க்கீர்த்தி உண்டு. அந்த அரசன் எழுப்பிய கோபுரத்துக்குக் கல் சுமந்தானே, அவன் பிள்ளை எப்படி வளர்ந்தது? எதை உண்டது? எந்த வயதில் தந்தையின் தோளிலிருந்து கல்லைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டது? கேட்டால் கல்வெட்டு வாய் திறவாது. புலவர் பாடவில்லை, கணக்கர் எழுதவில்லை. எழுதத் தெரிந்தவன் உழைக்கவில்லை. உழைத்தவனுக்கு எழுத்து மறுக்கப்பட்டிருந்தது. நம் நாட்டு வரலாற்றின் பெருங்குறை இது.

அந்தக் குறையை நீக்கும் பொறுப்பு படித்த இளைஞர்களுடையது. பழைய கோபுரத்தின் கதையை மீட்க முடியாமற் போகலாம். நம் கண்முன் எழுந்த புதிய கோபுரங்களின் கதையையேனும் எழுதலாம் அன்றோ? புகைபோக்கி என்னும் கோபுரம், கொதிகலன் என்னும் கருவறை, இயந்திரம் என்னும் தேர்! இவற்றைக் கொண்டு எழுந்த நகரம் நெய்வேலி. அங்கே தோண்டிய பள்ளத்தின் ஆழத்தை அளந்தனர். எடுத்த கரியை நிறுத்தனர். பிறந்த மின்சாரத்தைக் கணக்கிட்டனர். அந்தப் பள்ளத்தின் கரையில் வளர்ந்த தொழிலாளர் பிள்ளைகளின் வாழ்வு என்ன ஆயிற்று என்று கணக்கிட்டோமா? நாட்டுக்கு விளக்கேற்றியவன் வீட்டில் விளக்கு எரிந்ததா? எரிந்தது என்றால் யார் வீட்டில் எரிந்தது? யார் வீட்டில் எரியவில்லை? ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரை.

கோலாரில் கண்ட இருட்டு

நெய்வேலிக்கு முன்பே தமிழ்த் தொழிலாளிக்குச் சுரங்கம் தெரியும். மைசூர் நாட்டின் கோலாரில் 1880ஆம் ஆண்டு இலண்டன் முதலாளிகளான ஜான் டெய்லர் குழுமத்தார் தங்கம் தோண்டப் புகுந்தனர். யார் இறங்கினார்கள் அந்தப் பாதாளத்தில்? வடஆர்க்காட்டு வறட்சியும் சாதிக் கொடுமையும் துரத்திய தமிழர்கள்! ஊருக்குள் தெருவில் நடக்க இடமில்லை என்று தள்ளப்பட்டவனுக்கு, நிலத்துக்கு அடியில் நடக்க இடம் கொடுத்தான் வெள்ளையன்.

1902ஆம் ஆண்டு காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் மின்சாரம் பிறந்தது. ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியே ஓடி, அது முதலில் சென்ற இடம் அரசனுடைய அரண்மனையன்று. பெங்களூர் நகரமும் அன்று. கோலார்த் தங்கச் சுரங்கத்துக்கே சென்றது! அங்கே பாறையைத் துளைக்க ஆற்றல் தேவைப்பட்டது. தங்கம் அங்கே கிடந்தது. முதலாளியின் பங்களாவில் விளக்கு எரிந்தது. தங்கத்தை வெட்டியவன் தட்டிகளால் கட்டிய வரிசைக் குடிசையில் படுத்திருந்தான். அவன் நுரையீரலில் பாறைத் தூசி படிந்தது. தந்தை இறங்கிய சுரங்கத்தில் மகன் இறங்கினான். மகனுக்குப் பின் பேரன் இறங்கினான்.

அந்த இருட்டிலும் கைவிளக்கு ஏந்தி வந்தவர்கள் உண்டு. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்குள்ள மாரிக்குப்பத்தில் வேர் பிடித்தது. 1907இல் அவர் தொடங்கிய இதழைக் கோலார்த் தொழிலாளர் காசு சேர்த்து வாங்கினர். படித்தவன் படிக்க, படியாதவன் கேட்டான். 1930இல், தம்மைக் குற்றவாளிகள்போல் கைரேகை வைக்கச் சொன்னதை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். சுரங்கத் தொழிலாளிக்குத் தன்மானத்தைத் தந்தது தங்கமன்று. படிப்பும் அமைப்புமே என்பதைக் கோலார் அன்றே காட்டிவிட்டது. 2001இல் அச்சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் போயிற்று, குடியிருப்புகள் நின்றன.

கோலார் தனித்ததோர் கொடுமையா? இல்லை. இங்கிலாந்திலும் அதுவே கதை. 1842இல் சட்டம் வரும்வரை, பத்து வயது நிரம்பாத சிறுவரும், பெண்களும் அந்நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களின் இருட்டில் வண்டி இழுத்தனர். அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகும், வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளி ஒருவருடைய மகன் பதின்மூன்றாம் வயதில் பள்ளியை விட்டுச் சுரங்கத்தில் இறங்கினார். அவர் பெயர் அனூரின் பெவன். அந்தச் சிறுவனே பின்னாளில் அமைச்சராகி, 1948இல் இங்கிலாந்து மக்கள் அனைவர்க்கும் கட்டணமில்லா மருத்துவம் கிடைக்கும் திட்டத்தை நிறுவினார். சுரங்கத்தில் இறங்கிய அத்தனை சிறுவரும் பெவன் ஆகவில்லை, ஆகவும் முடியாது. எனவேதான் அவர் தமக்கு ஏணி தேடியதோடு நிற்கவில்லை. எல்லார்க்கும் படிக்கட்டு கட்டினார்.

கிணற்றில் வந்த செய்தி

தென்னார்க்காட்டில் செம்மண் நிலம். முந்திரியும் பலாவும் விளையும் காடு. 1930களின் நடுவில், ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டார். நீரோடு சேர்ந்து வந்தது கரிய பொருள். வேறொருவராயின் மண்ணில் ஏதோ தோஷம் என்று பரிகாரம் தேடியிருப்பார். அவரோ அதை அதிகாரிகளின் பார்வைக்குக் கொண்டுசென்றார். ஆய்ந்தனர், பழுப்பு நிலக்கரி என்று அறிந்தனர். மனிதன் தோன்றுவதற்குப் பன்னெடுங்காலத்துக்கு முன் மண்ணுள் புதைந்த காடு அது. எந்தத் தலபுராணத்திலும் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது! காலடியில் கிடந்த செல்வத்தைக் கண்டது தவமன்று, துளைக்கருவி.

கண்டது எளிது, எடுப்பது அரிது. கரிக்கு மேலே கடினமான மணற்கல். கரிக்குக் கீழே அழுத்தத்தோடு மேலெழத் துடிக்கும் நிலத்தடி நீர். மேல்மண்ணைப் பெயர்த்து எறிய வேண்டும். கீழிருக்கும் நீரை இரவு பகலாக இறைத்தபடி இருக்க வேண்டும். இறைப்பு நின்றால் பள்ளம் ஏரியாகும். 1950களின் நடுவில், பவல் டஃப்ரின் என்னும் நிறுவனம் இதனைச் செய்ய முடியுமென்று அறிக்கை தந்தது. அது பெவன் பிறந்த அதே வேல்ஸ் நாட்டின் நிலக்கரித் தொழிலில் பெருத்த நிறுவனம்! வேல்ஸ் நாட்டுச் சுரங்க அறிவு நெய்வேலிக்கு வந்தது. வேல்ஸ் நாட்டுச் சிறுவனின் தலைவிதியும் சேர்ந்து வந்துவிடுமோ? அதுவே கேள்வியாக நின்றது.

ஒரே காலத்தில் இரண்டு அகழ்வு

இந்த இடத்தில் ஆண்டுகளைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும்.

1953ஆம் ஆண்டு, அன்றைய முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதுத் திட்டம் கொண்டுவந்தார். அரை நாள் பள்ளி. மீதி அரை நாள் தந்தையின் தொழில். குயவன் மகன் மண் பிசைய, வண்ணான் மகன் துணி வெளுக்க, சக்கிலியன் மகன் தோல் தைக்க! ‘குலக்கல்வி’ என்று நாடே அதற்குப் பெயர் சூட்டியது. பெரியார் எதிர்த்தார்; அண்ணாவின் கழகம் எதிர்த்தது; காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. 1954இல் ஆச்சாரியார் பதவி விலகினார். முதல்வரான காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். 1956இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே மதிய உணவு தரும் திட்டத்தைத் தொடங்கினார்.

அதே 1956இல், நவம்பர் 14ஆம் நாள், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20இல் பண்டித நேரு அகழ்வுப் பணியைத் தொடங்கிவைத்தார்.

நாடு ஒரு பக்கம் மண்ணை அகழ்ந்தது. மறுபக்கம் பிறவித் தொழில் என்னும் பாறையை அகழ்ந்தது. இரண்டும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன. இரண்டில் ஒன்று நடவாதிருந்தால் நெய்வேலி இன்னொரு கோலார் ஆகியிருக்கும். மண் அகழ்ந்தவன் மகனும் மண்ணே அகழ்ந்திருப்பான். அதற்கு அரசாங்கமே அரை நாள் பயிற்சியும் தந்திருக்கும்!

பிறகு வேலை விரைந்தது. சக்கரத்தில் வாளிகள் கோத்த பேரியந்திரங்கள் செர்மனியிலிருந்து வந்தன. அனல்மின் நிலையத்துக்குச் சோவியத் ரஷ்யா கை கொடுத்தது. பேர்லினில் ஒருவரையொருவர் முறைத்து நின்ற இரண்டு உலகங்கள், தென்னார்க்காட்டுப் பள்ளத்தில் ஒரே வேலைக்குத் துணை நின்றன. 1961 ஆகஸ்டில் கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962இல் முதல் மின்னாக்கி சுழன்றது. 1970இல் அந்நிலையம் 600 மெகாவாட் திறனை எட்டியது. ‘வடக்கு வாழ்கிறது; தெற்கு தேய்கிறது’ என்ற முழக்கம் மேடைதோறும் ஒலித்த காலம் அது. தெற்குக்கு வந்த பெருந்தொழில்கள் விரல்விட்டு எண்ணத் தக்கவை; அவற்றுள் ஒன்று நெய்வேலி.

எண்ணிட்ட வட்டங்கள்

தோழர்களே, நம் ஊர்களின் அமைப்பை நீங்கள் அறிவீர்கள். கோயிலைச் சுற்றி ஒரு தெரு. அதற்கு அப்பால் ஒரு தெரு. ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் சேரி. குடியிருக்கும் தெருவைக் கேட்டால் சாதியைக் கேட்க வேண்டியதில்லை. அஞ்சல் முகவரியே சாதிச் சான்றிதழ்!

நெய்வேலி நகரியத்தின் முகவரி எண்ணாயிற்று: ‘வட்டம் 5’, ‘வட்டம் 21’. அகலமான சாலை, இரு பக்கமும் மரம், சாலைக்குச் சாலை ஒரே மாதிரியான வீடுகள். வீட்டைக் கொடுத்தது குலமன்று, வேலை. ஊரில் ஒரே கிணற்றில் நீர் எடுக்க முடியாதவர்கள் இங்கே ஒரே குழாயின் நீரைக் குடித்தனர். திருச்சிக்காரரும் திருநெல்வேலிக்காரரும், ஆந்திரரும் மலையாளியும், முசுலிமும் கிறித்துவரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில். எந்தச் சீர்திருத்த மாநாட்டுத் தீர்மானமும் ஓர் இரவில் செய்ய முடியாத காரியத்தை, வீட்டு ஒதுக்கீட்டுப் பட்டியல் ஒன்று செய்தது.

அங்கே தொழிலாளி வீட்டுப் பிள்ளை எப்படி வளர்ந்தது? மூன்று முறை வேலை. அதனால் தந்தையின் நாளுக்கு மூன்று முகம். இரவு முறை பார்த்துவிட்டு வந்தவர் பகலில் உறங்குவார். பிள்ளைகள் குரல் தாழ்த்திப் பேசப் பழகும். ஒரு கிழமை மாலையில் தந்தையின் முகமே தெரியாது. மறு கிழமை பள்ளி விட்டு வந்ததும் வாசலில் நிற்பார். துவைத்தாலும் போகாத கரித்தூள், வீட்டுத் திண்ணையில் படியும் தூசி, காற்றில் கந்தக நெடி. இவற்றோடுதான் அது வளர்ந்தது.

ஆனால் மாதம் தவறாமல் ஊதியம் வந்தது. உழவுக் கூலியின் பிள்ளைக்கு மழை பொய்த்தால் படிப்பு நின்றுவிடும். இந்தப் பிள்ளைக்கு மழையோடு தொடர்பில்லை. காய்ச்சல் வந்தால் மருத்துவமனை இருந்தது. தாலியை அடகு வைக்க வேண்டியதில்லை. நடந்து போகும் தொலைவில் பள்ளி இருந்தது. இரவில் படிக்க வீட்டில் மின்விளக்கு இருந்தது. தந்தை எடுத்த கரியில் பிறந்த விளக்கு!

ஊதியம், வீடு, மருத்துவம், பள்ளி: இந்த நான்கு தூண்களின் மேல் நின்றது அந்தப் பிள்ளையின் குழந்தைப் பருவம். கைநாட்டு வைத்த பாட்டன், எட்டாம் வகுப்புத் தந்தை, பொறியாளராகவோ ஆசிரியராகவோ ஆன பேரன். மூன்றே தலைமுறையில் இந்த மாற்றம் கண்ட குடும்பங்கள் அந்நகரில் உண்டு. மூவாயிரம் ஆண்டு தவமும் பூசையும் செய்யாததை முப்பது ஆண்டு மாத ஊதியம் செய்தது. 1990களின் இறுதியிலிருந்து ஆண்டுதோறும் புத்தகக் கண்காட்சி நடத்தும் ஊராகவும் அது ஆயிற்று. கரி விற்ற ஊரில் நூல் விற்றது!

இவையெல்லாம் நிர்வாகத்தின் கருணையால் வந்தவை என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். சுரங்கச் சட்டம் 1952இல் வந்தது. அதற்குப் பின்னே கோலாரிலும் பீகாரிலும் மண்ணுள் மாண்டவர்களின் கதை இருக்கிறது. ஊதிய ஒப்பந்தம் ஒவ்வொன்றின் பின்னும் வாயிற் கூட்டம் இருக்கிறது, வேலைநிறுத்தம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது. கோலார்க்காரன் 1930இல் நிமிர்த்திய முதுகே நெய்வேலிக்காரனின் முதுகும்.

நகரியத்தையே புகழ்ந்து நிற்பதும் நேர்மையாகாது. பழைய ஏணி மறைந்த இடத்தில் புதிய ஏணி ஒன்று முளைத்தது. ஊதியப் படிக்கு ஏற்ப வீட்டின் வகை. வீட்டின் வகைக்கு ஏற்ப வட்டம். அதிகாரி வீட்டுப் பிள்ளைக்கும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத சுவர். சாதியும் செத்துவிடவில்லை. தெருவில் நுழைய வழியில்லாததால் திருமணப் பத்திரிகையில் போய் ஒளிந்துகொண்டது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு: ஊதிய ஏணியில் மகன் ஏறலாம். பிறவி ஏணியில் எவனும் ஏற முடியாது. அந்த ஒரு வாயில் திறந்திருந்ததால்தான் அந்நகரம் நம் வரலாற்றில் இடம் பெறுகிறது.

வேலிக்கு வெளியே

வாயில் எல்லார்க்கும் திறந்திருந்ததா? இங்கேதான் கதை திரும்புகிறது.

பள்ளம் தோண்டினார்களே, அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது? சிற்றூர்கள் இருந்தன. முந்திரித் தோப்பு, கம்பங்கொல்லை, களத்துமேடு இருந்தன. வெள்ளையன் 1894இல் எழுதி வைத்த சட்டத்தைக் கொண்டு நிலங்கள் எடுக்கப்பட்டன. நிலம் உடையவனுக்கு இழப்பீடு என்று ஏதோ வந்தது. அந்த நிலத்தில் கூலி வேலை செய்து பிழைத்த நிலமற்றவனுக்கு? பட்டா இல்லை, ஆகவே இழப்பு இல்லை, ஆகவே ஈடும் இல்லை! சேரிக்காரன் எதையும் இழக்கவில்லை என்றது ஏடு. எல்லாவற்றையும் இழந்தது அவன் குடும்பம்.

அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் பிறகு எங்கே சென்றார்கள்? பலர் அதே சுரங்கத்துக்கு, ஆனால் வேறு வாயில் வழியாகச் சென்றார்கள். அந்த வாயிலுக்குப் பெயர் ஒப்பந்தம்.

நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் அதே பள்ளத்தில் இறங்குகிறார்கள். அதே தூசியை விழுங்குகிறார்கள். ஒருவனுக்கு மாத ஊதியம், வீடு, மருத்துவம்; மற்றவனுக்கு நாட்கூலி, குடிசை, கடன். ஒப்பந்தத் தொழிலை முறைப்படுத்தவும் ஒழிக்கவும் 1970இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஒழிந்ததா? ‘ஒழிப்பு’ சட்டத்தின் பெயரில் இருந்தது. ஒப்பந்தம் ஊரில் இருக்கிறது! நிரந்தரமாக்கு என்று கேட்டுப் பல முறை வேலைநிறுத்தம், பல ஆண்டு வழக்கு. 2016இல் உச்சநீதிமன்றம், ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்னும் கோட்பாடு தற்காலிக ஊழியர்க்கும் பொருந்தும் என்று, பஞ்சாப் அரசு ஊழியர் வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. நீதி ஏட்டில் எழுந்தது. குடிசைக்கு நடந்துவர அதற்கு இன்னும் நேரமாகிறது.

பள்ளி வருகைப் பதிவேட்டுக்கு விவரம் சேர்க்கும்போது ‘தந்தையின் தொழில்’ என்றொரு கட்டம் உண்டு. ஆசிரியனாகிய நான் ஆண்டுதோறும் அதை நிரப்புகிறேன். ஒரு பிள்ளை ‘ஆபரேட்டர்’ என்கிறது. ஒரு பிள்ளை ‘ஃபிட்டர்’ என்கிறது. இன்னொரு பிள்ளை ‘காண்டிராக்ட்’ என்கிறது. என்ன வேலை என்று கேட்டால் மறுபடியும் ‘காண்டிராக்ட்’ என்றே சொல்கிறது. அந்தப் பிள்ளையின் தந்தையும் கம்பி முடுக்குபவராக இருக்கலாம், பட்டையைப் பழுது பார்ப்பவராக இருக்கலாம், கரி வாருபவராக இருக்கலாம். அவருக்குத் தொழில் இருக்கிறது. தொழிலின் பெயர் இல்லை. பறிபோனது ஊதியம் மட்டுமன்று. தன் தந்தை இன்னது செய்கிறார் என்று சொல்லும் பெருமையும்தான். பண்டைக் காலத்தில் தொழிலைச் சொன்னால் சாதி தெரிந்தது. தொழிலே அடிமை விலங்காயிற்று. இன்றோ நிலையைச் சொல்கிறான், தொழிலே மறைந்துவிட்டது. இரண்டிலும் மறைந்தவன் மனிதன்!

2014 மார்ச் 17ஆம் நாள் இரண்டாம் சுரங்கத்தின் வாயிலில், மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் சுட்டு ஓர் ஒப்பந்தத் தொழிலாளி மாண்டார். 2020 மே 7ஆம் நாளும் ஜூலை 1ஆம் நாளும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் பகுதியில் வெடிப்பு நேர்ந்தது. ஜூலை வெடிப்பில் அன்றைக்கே ஆறு பேர் கருகினர்; அடுத்து வந்த நாட்களில் மருத்துவமனையில் மேலும் பலர் மாண்டனர். மாண்டோருள் நிரந்தரத் தொழிலாளரும் உண்டு, ஒப்பந்தத் தொழிலாளரும் உண்டு. நெருப்புக்கு ஊதியப் பட்டியல் தெரியவில்லை. மனிதர்க்குத்தான் தெரிகிறது!

2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காக, வளர்ந்து நின்ற நெற்பயிர் மீது இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே எடுக்கப்பட்டது, இழப்பீடு கொடுத்தாயிற்று என்றது நிறுவனம். பயிரை விளைவித்தவர்கள் வரப்பில் நின்று அழுதனர். நிலத்தடி நீர் கீழே போயிற்று என்ற குறை சுற்றூர்களில் நெடுநாளாகவே உண்டு. நெய்வேலியிலிருந்து சில கல் தொலைவில் வடலூர். வாடிய பயிரைக் கண்டு வாடிய வள்ளலார், பசித்தவர்க்குச் சோறிட 1867இல் அங்கே தருமசாலை அமைத்து அடுப்பு மூட்டினார். சாதி கேளாமல் சோறிடும் அடுப்பு ஒரு பக்கம். நாட்டுக்கெல்லாம் ஒளி கொடுத்துவிட்டுத் தன்னைச் சுற்றியுள்ள ஊரை மறந்த அடுப்பு மறுபக்கம். எது பெரியது என்று சொல்ல அறிவியல் பட்டம் வேண்டுமா?

பங்கை விற்றால் யார் பங்கு போகும்?

நெய்வேலி பொதுத்துறை நிறுவனம். அதனால் அங்கே இடஒதுக்கீடு உண்டு. தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் முன்பே இடம் இருந்தது. பிற்படுத்தப்பட்டோர்க்கு 27 விழுக்காடு மத்திய அரசுப் பணிகளில் 1993இல் நடைமுறைக்கு வந்தது. தனியார் தொழிலில் இந்தப் பாதுகாப்பு இல்லை.

2006இல் மத்திய அரசு இந்நிறுவனத்தின் பங்குகளில் 10 விழுக்காட்டை விற்க முனைந்தது. தொழிலாளர் வேலையை நிறுத்தினர், முதல்வராயிருந்த கலைஞர் கடுமையாக எதிர்த்தார், விற்பனை நின்றது. 2013இல் மீண்டும் முயற்சி வந்தது. மீண்டும் வேலைநிறுத்தம். அப்போது முதல்வராயிருந்த செயலலிதாவின் அரசு, தமிழ்நாட்டரசின் நிறுவனங்களைக் கொண்டே 3.56 விழுக்காட்டை வாங்கச் செய்தது. இரு கட்சி அரசுகளும் ஒன்றையொன்று எதிர்த்தவை. நெய்வேலி தனியார் கைக்குப் போகக் கூடாது என்பதில் ஒத்திருந்தன. அதன் பின்னரும் சந்தையில் பங்குகள் விற்கப்பட்டன. 2016இல் நிறுவனத்தின் பெயர்ப் பலகையிலிருந்து நெய்வேலி என்ற ஊர்ப் பெயரும் மறைந்தது, ‘என்.எல்.சி. இந்தியா’ ஆயிற்று.

பெயர் போவதைப் பற்றி மட்டும் கவலைப்பட்டு என்ன பயன்? நிரந்தர வேலை ஒவ்வொன்றும் ஒப்பந்த வேலையாக மாறும்போது, அந்த வேலையோடு இருந்த இடஒதுக்கீடும் ஓசையின்றிப் போகிறது. ஒப்பந்தக்காரர் எந்த விழுக்காட்டையும் பார்த்து ஆள் எடுப்பதில்லை. சட்டத்தை மாற்றாமலே சமூகநீதியைக் கரைக்கும் வழி இது. பங்குச் சந்தையில் நடப்பது தெரிகிறது. சுரங்கத்தின் பின்வாயிலில் நடப்பது தெரிவதில்லை. தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான்.

மகளின் கதை

‘பிள்ளை’ என்று எழுதும்போது மகனையே நினைத்துக்கொள்வது நம் பழக்கம். மகள் எங்கே? 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, பெண்ணைப் பூமிக்கு அடியில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. மேலே காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரைதான் என்றது. காப்பதற்காக எழுந்த விதி, கதவடைக்கவும் பயன்பட்டது. பெரும்பாலான பெண்களுக்கு நகரியம் என்பது ‘கணவருக்கு வந்த குவார்ட்டர்ஸ்’ ஆகவே இருந்தது. மூன்று முறை வேலைக்கும் மூன்று முறை அடுப்பு மூட்டியவள் அவள். வேலைப் பட்டியலில் அவள் பெயர் இல்லை! 2019இல்தான் விதி தளர்ந்து, தக்க பாதுகாப்போடு பெண்கள் இரவிலும் திறந்த சுரங்கங்களில் பணியாற்றலாம் என்று மத்திய அரசு அறிவித்தது.

ஆனால் பள்ளி அவளுக்கும் திறந்திருந்தது. மகனை அனுப்பிய வீடு மகளையும் அனுப்பியது. ஏனெனில் பள்ளி பக்கத்தில் இருந்தது, சாலையில் விளக்கு இருந்தது, செலவு குறைவு. பெண் கல்விக்கு ஆயிரம் சொற்பொழிவு ஒரு பக்கம். பள்ளிக்குச் செல்லும் பாதையில் ஒரு விளக்கு மறுபக்கம். இரண்டும் வேண்டும். இரண்டாவதை மறக்கக் கூடாது.

‘திறமை’ என்னும் புதிய தலையெழுத்து

இவ்வளவும் கேட்ட பின் ஒரு குரல் எழும்: ‘திறமை உள்ளவன் எங்கிருந்தாலும் முன்னேறுவான், உழைத்தால் உயர்வு தானே வரும்.’ பழைய காலத்தில் ‘தலையெழுத்து’ என்றார்கள்; இப்போது ‘திறமை’ என்கிறார்கள். சொல் மாறியது; சூது மாறவில்லை.

ஆங்கில எழுத்தாளர் டி. எச். லாரன்சு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். உதவித்தொகை பெற்றுப் படித்தார், பள்ளி ஆசிரியரானார், பின் உலகறிந்த எழுத்தாளரானார். அவருக்குத் திறமை இருந்தது, ஐயமில்லை. உதவித்தொகை இல்லாதிருந்தால் அந்தத் திறமை எங்கே போயிருக்கும்? தந்தையோடு சுரங்கத்துக்குள் போயிருக்கும். அப்படிப் போன திறமைகள் எத்தனை ஆயிரம்! அவற்றுக்குக் கல்லறை கூட இல்லை.

நெய்வேலியே இதற்குச் சான்று. ஒரே செம்மண், ஒரே மொழி, பெரும்பாலும் ஒரே வகைக் குடும்பங்கள். வேலிக்கு உள்ளே வளர்ந்த பிள்ளை பட்டம் பெற்றது. வேலிக்கு வெளியே வளர்ந்த பிள்ளை பாதியில் நின்றது. இடையில் மாறியது மூளையா? முன்வினையா? கிரகமா? மாறியது தந்தையின் வேலைச் சீட்டு! மாத ஊதியம் இருந்த வீட்டில் திறமை முளைத்தது. நாட்கூலி வீட்டில் கருகியது. பிறவியில் உயர்வு தாழ்வு இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆய்வுக்கூடம் எந்த நாட்டில் இருக்கிறது?

நாட்டுக்கு 58 ஆண்டு ஒளி கொடுத்த முதல் அனல்மின் நிலையம் 2020 செப்டம்பரோடு நிறுத்தப்பட்டது. இனி உலகமே கரியை விட்டுக் கதிரவனையும் காற்றையும் நாடும் காலம். அது நல்லதே, கரும்புகை குறையட்டும். ஆனால் கதிரவன் ஒளியைப் பிடிக்கும் தகடுகளைத் துடைக்கப் போகிறவன் யார்? நிரந்தரத் தொழிலாளியா, காண்டிராக்டா? அவன் பிள்ளைக்குப் பக்கத்தில் பள்ளி இருக்குமா? கோலாரில் 1902இல் எழாத கேள்வியை, நெய்வேலியில் 1956இல் பாதி மட்டுமே எழுந்த கேள்வியை, இனி எழும் தொழில்களில் முழுவதுமாக எழுப்ப வேண்டும்.

அதை எழுப்ப வேண்டியவர்கள் இளைஞர்களே, நீங்கள்தான். உங்கள் ஊரில் ஒரு தொழிற்சாலை எழுந்தால், எத்தனை கோடி முதலீடு என்று மட்டும் கேட்டுக் கைதட்டிவிட்டு வராதீர்கள். எத்தனை பேர் நிரந்தரம், எத்தனை பேர் ஒப்பந்தம் என்று கேளுங்கள். நிலம் கொடுத்தவனோடு, அந்த நிலத்தில் கூலி செய்தவனுக்கும் என்ன தந்தீர்கள் என்று கேளுங்கள். பள்ளி எத்தனை கல் தொலைவில் என்று கேளுங்கள். மாலையில் ஒரு மணி நேரம் ஒப்பந்தத் தொழிலாளர் குடியிருப்புக்குச் சென்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுங்கள். கொடுத்த பின், அவர்களுடைய தந்தையின் ஊதியச் சீட்டை வாங்கிப் படித்துப் பாருங்கள். அதில் வராத தொகைக்காகச் சங்கத்தோடு சேர்ந்து வாதாடுங்கள். பாடமும் போராட்டமும் ஒரே வேலையின் இரு கைகள்.

மண்ணுக்கு அடியில் புதைந்து கிடந்த காட்டைத் தேடி எடுத்து ஒளியாக்கினான் மனிதன். சமூகத்தின் அடியில் புதைத்து வைத்திருக்கும் மனிதனை எடுக்க அதைவிடப் பெரிய இயந்திரம் ஒன்றும் தேவையில்லை. நிலையான வேலை, குடியிருக்க வீடு, கட்டணமில்லா மருத்துவம், பக்கத்தில் பள்ளி: இந்த நான்கும் போதும். செய்து காட்டிய ஊர் நம் நாட்டிலேயே இருக்கிறது. பாதிப் பேருக்குச் செய்து காட்டியது. மீதிப் பேருக்கும் செய்யச் சொல்வதே நம் வேலை.